குணசித்திர நடிகரின் மேக்கப் பெட்டி: யாழ்ப்பாண வெக்கையில் எது நிற்கும், எது கழரும்

யாழ்ப்பாணத்தில் எடுக்கும் தொடர்களிலும் குறும்படங்களிலும் முப்பது, முப்பத்தைந்து வயதுக்காரரிடமே அப்பா வேடம் வந்து சேருகிறது. அதை ஒழுங்காகச் செய்துவிட்டால் அடுத்து பெரியப்பா, பிறகு விதானையார், கோயில் ஐயர், பங்குத்தந்தை, ஓய்வுபெற்ற தலைமை வாத்தியார். ஒருமுறை நரை வைத்தவருக்கு உண்மையான நரை வரும்வரைக்கும் நரைதான். குணசித்திர நடிகரின் வாழ்க்கை பெரும்பாலும் இப்படித்தான் போகும்: முதல் இருபது வருடம் இல்லாத வயதைப் பூசிக்கொள்வது, அடுத்த இருபது வருடம் வந்த வயதைச் சரியான அளவில் காட்டுவது.

இங்கே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நடிப்பவர்களில் பலர் பள்ளிக்கூடத்திலோ வங்கியிலோ கந்தோரிலோ வேலை பார்க்கிறவர்கள். படப்பிடிப்பு சனி, ஞாயிறில் நடக்கும். கிணற்றடியில் தொடங்கிய காட்சியின் மிச்சத்தை மூன்று கிழமை கழித்து எடுப்பார்கள். அன்றைக்கும் அதே மீசை, அதே நரை, அதே சுருக்கம் அதே இடத்தில் இருக்கவேண்டும். ஆகவே மேக்கப் பெட்டியை முதல் நாள் அழகைப் பார்த்து மதிப்பிடக்கூடாது. ஒன்பதாம் நாளும் அதே முகத்தைத் தருகிறதா என்று பார்த்தே மதிப்பிடவேண்டும்.

அப்படிப் பார்த்தால் இங்கே பலர் பணத்தைத் தவறான இடத்தில் போடுகிறார்கள். முகப்பூச்சில் எட்டு, பத்து நிறம் வைத்திருப்பார்கள். பசை மலிவானதாக இருக்கும், பசை நீக்கி இருக்கவே இருக்காது. குணசித்திர வேடத்துக்கு இது தலைகீழ். பூச்சில் இரண்டே நிறம் போதும். நல்ல பசை, அதற்கென்றே வரும் நீக்கி, மெல்லிய வலையில் மயிர் கட்டிய ஒரு நெற் மீசை, ஒரு நெற் தாடி ஆகியவற்றுக்குத்தான் பாதிப் பணம் போகவேண்டும்.

முகப்பூச்சு

கிறையோலன் ரீவி பெயின்ற் ஸ்ரிக்கைத் தெரியாத மேக்கப்காரர் இந்தப் பக்கம் இல்லை. 1945இல் பெர்லினில் தொடங்கிய நிறுவனம் அது. ஸ்ரிக் ஒன்று 25 கிராம். ஒரு முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு கிராம் வரை போகும். சிக்கனமாகப் பூசினால் இருபத்தைந்து, முப்பது நாள் வரும். இது எண்ணெய், மெழுகு சேர்ந்த கிறீம். மறைக்கும் சக்தி மிக அதிகம், அதுவே பலமும் பலவீனமும். நெற்றியில் இரண்டு கோடு, கன்னத்துக்கு ஒவ்வொன்று, நாடியில் ஒன்று. நனைத்துப் பிழிந்த ஸ்பொஞ்சால் ஒற்றி ஒற்றிப் பரப்பினால் தோல் தோலாகவே தெரியும். அதற்கு மேல் இழுத்தால் எச்.டி. கமராவில் சுவருக்குப் பூசிய மாதிரி இருக்கும். வயதான பாத்திரத்துக்கு இது இரட்டைக் கேடு. அவருடைய சொந்தத் தோலில் இருக்கிற மறு, தழும்பு, துவாரம் எல்லாம் வயதுக்குச் சாட்சி. அவற்றை மூடிவிட்டு மேலே சுருக்கம் வரைவதில் அர்த்தமில்லை.

நிறம் தெரிவுசெய்யும்போது மணிக்கட்டில் பார்க்கவேண்டாம். தாடையோரத்தில் ஒரு கோடு இழுத்து வெளியே பகல் வெளிச்சத்தில் பாருங்கள். எந்தக் கோடு காணாமல் போகிறதோ அதுதான் உங்கள் நிறம். எஃப்.எஸ். 38, எஃப்.எஸ். 45 போன்ற இலக்கங்களை கடைக்காரர் எடுத்துத் தருவார், ஆனால் இலக்கத்தைவிட இந்தச் சோதனைதான் முக்கியம். இரண்டு நிறம் வெளிறச் செய்கிற பழக்கம் இங்கே இன்னும் போகவில்லை. தோட்டத்தில் நாற்பது வருடம் மிளகாய்க்குத் தண்ணீர் கட்டிய அப்பாவை மகனைவிட வெள்ளையாகக் காட்டினால் அந்தக் குடும்பத்தையே யாரும் நம்பமாட்டார்கள். சொந்த நிறத்தில் ஒன்று, அதைவிட ஒரு படி கருமையாக ஒன்று: பெட்டிக்கு இவ்வளவுதான் வேண்டும். கருமையானது வெயிலில் திரிந்த முகத்துக்கும், கன்னக் குழிக்கும், கண்ணடிக்கும் உதவும்.

ஸ்ரிக் பூசினால் பவுடர் கட்டாயம். போடாவிட்டால் பத்து நிமிடத்தில் வியர்வையோடு வழுக்கும். பவுடரைத் தேய்க்காமல் பஃபால் அழுத்தி, ஒரு நிமிடம் விட்டு, மிஞ்சியதைத் தூரிகையால் தட்டிவிடவேண்டும். இடையில் வியர்த்தால் முதலில் ரிசு கடதாசியால் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டுத்தான் மறுபடி பவுடர். ஈரத்தின் மேல் போட்ட பவுடர் திட்டுத் திட்டாகக் கட்டிக்கொள்ளும். சித்திரை, வைகாசியில் வெளிப்புறக் காட்சி என்றால் அரை மணிக்கு ஒருமுறை இதைச் செய்ய ஒருவர் பக்கத்தில் நிற்கவேண்டியிருக்கும்.

கழுத்து, காது, கைகள் மூன்றையும் மறப்பது மிகப் பொதுவான பிழை. அறுபது வயது முகமும் முப்பது வயதுக் கையும் ஒரே குளோசப்பில் தேநீர்க் கோப்பையைத் தூக்கும்போது எல்லாம் வெளிச்சமாகிவிடும். புறங்கை நரம்புகளின் இரு பக்கமும் கருமையான ஸ்ரிக்கை மெல்லியதாக வைத்துக் கரைத்து, பவுடர் போட்டால் போதும்.

பழைய கூத்து, இசை நாடக மேடைகளில் முத்துவெள்ளையும் மஞ்சள் அரிதாரமும் சிவப்புச் சாதிலிங்கமும் எண்ணெயில் குழைத்துப் பூசியது மேடையின் தேவைக்காக. மங்கிய வெளிச்சத்தில் கடைசி வரிசைக்கும் முகம் தெரியவேண்டும். ‘அரிச்சந்திர மயான காண்டம்’ இசை நாடகத்தில் நடிகர் வி. வி. வைரமுத்து நின்ற மேடைகளின் கணக்கு அது. தொலைக்காட்சியின் கணக்கு வேறு: கமரா மூன்றடி தூரத்தில் நிற்கிறது. இன்னொன்றையும் சொல்லவேண்டும்: அரிதாரம் ஆசனிக் கலந்தது, சாதிலிங்கம் பாதரசம் கலந்தது. மரபு என்பதற்காக அவற்றை முகத்தில் போடவேண்டாம்.

மீசை, தாடி

பெட்டியில் உண்மையான சோதனை இங்கேதான். இரண்டு வழி உண்டு. கிறேப் மயிரை நேரே தோலில் ஒட்டுவது ஒன்று. நெற்றில் மயிர் மயிராகக் கட்டிய ஆயத்தத் தாடியை ஒட்டுவது மற்றது. ஒரே ஒரு நாள் காட்சி என்றால் கிறேப் போதும், மலிவு. நான்கு நாளுக்கு மேல் என்றால் நெற்தான். கிறேப் தாடி ஒவ்வொரு நாளும் புதிதாகப் பிறக்கிறது; எவ்வளவு கைதேர்ந்தவர் வைத்தாலும் நேற்றையது போல இன்றையது இராது.

கிறேப் மயிர் பின்னலாக வரும், பெரும்பாலும் ஆட்டு ரோமம். நூலை வெட்டி அவிழ்த்தால் சுருண்டு சுருண்டு இருக்கும். அப்படியே ஒட்டினால் சந்தேகமில்லாமல் பொய்த்தாடி. முதல் நாள் இரவே தண்ணீரில் நனைத்து, நுனியில் பாரம் கட்டித் தொங்கவிட்டுக் காயவிடவேண்டும். முற்றாக நேராக்கவும் கூடாது, இலேசான நெளிவு மிஞ்சவேண்டும். ஒரு முழுத் தாடிக்குப் பின்னலில் ஒரு சாண் முதல் ஓரடி வரை போகும். ஒரே நிறத்தில் ஒட்டாதீர்கள்: கறுப்பு, கரும்பழுப்பு, சாம்பல் மூன்றையும் கையால் இழுத்து இழுத்துக் கலந்து, நாடிக்கும் கிருதாவுக்கும் சாம்பல் கூடிய கலவையை வைக்கவேண்டும். அங்கேதான் பலருக்கும் முதலில் நரைக்கும்.

ஒட்டும் வரிசை கீழிருந்து மேல். நாடிக்கு அடியில் தொடங்கி, நாடி முனை, கன்னம், கடைசியில் கீழுதட்டுக்கு அடியில். ஓட்டுக்கூரை வேய்வதைப் போல, மேல் வரிசை கீழ் வரிசையின் வேரை மூடவேண்டும். பசையைச் சின்னச் சின்ன இடமாக மெல்லியதாகப் பூசி, உடனே மயிரை வைக்காமல், விரல் நுனியால் தட்டித் தட்டிப் பாருங்கள். விரலோடு நூல் இழுக்கத் தொடங்கும்போதுதான் பசை தயார். ஈரப்பசையில் வைத்த மயிர் வழுக்கிக் கீழே இறங்கும், பசை மயிருக்குள் ஏறி மினுங்கும். வைத்ததும் ஈரத்துணியால் அழுத்தி ஐந்து நிமிடம் விட்டு, மெல்லச் சீவி உதிர்வதை உதிரவிட்டு, பிறகுதான் கத்தரிக்கோல்.

நெற் மீசை வாங்கும்போது வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கண்ணி எவ்வளவு நுண்மையோ அவ்வளவுக்குக் கமராவில் மறையும். மயிர் முடிந்த இடத்திலிருந்து நாலைந்து மில்லிமீற்றர் நெற் விட்டு வெட்டவேண்டும். வாங்கிய அன்றே அழகுக்காக ஒட்ட நறுக்கிவிட்டால், ஒவ்வொரு கழுவலிலும் விளிம்பு பிரிந்து இரண்டு மாதத்தில் மயிர் உதிரும். மீசையும் தாடியும் ஒரே துண்டாக வந்தால் வாங்கவேண்டாம். கதைக்கும்போது மேலுதடு ஒரு பக்கமும் நாடி ஒரு பக்கமும் போகும். ஒரே துண்டு என்றால் வாய் மூலையில் இழுபட்டு முதல் அங்கேதான் கழரும். ஒட்டும்போது வாயை மூடி இறுக்கியிருக்காமல் இலேசாகச் சிரித்தபடி வைத்திருக்கவேண்டும். அப்போதுதான் வசனம் பேசத் தோலுக்கு இடம் இருக்கும்.

பசை, நீக்கி

ஸ்பிரிற் கம் என்பது மரப்பிசினை அல்ககோல் போன்ற கரைப்பானில் கரைத்தது. கரைப்பான் ஆவியாகிப் பிசின் மிஞ்சி ஒட்டுகிறது. இந்த ஒரு விசயம் விளங்கினால் எல்லாப் பிழையும் விளங்கும். பிசினுக்கு எண்ணெய் பகை: முதல் நாள் நல்லெண்ணெய் வைத்து முழுகிவிட்டு வந்தவருக்கு மீசை மத்தியானம் வரை தாங்காது. பிசினுக்கு நீரும் பகை: காயமுன் வியர்வை பட்டால் வெள்ளையாகப் பூத்துவிடும், அதை எந்தப் பூச்சாலும் மறைக்க முடியாது, கழற்றி மறுபடி ஒட்டவேண்டியதுதான். ஆகவே ஒட்டும் இடத்தை முதலில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, உலர்த்தி, சேர்ஜிக்கல் ஸ்பிரிற் தோய்த்த பஞ்சால் துடைத்து, மின்விசிறிக்கு முன்னால் இருந்து வியர்வை அடங்கிய பிறகு தொடங்குங்கள். முகப்பூச்சு அந்த இடத்தில் படக்கூடாது. பசைக்கு வெறுந்தோல் வேண்டும்.

சவரம் செய்த உடனே பசை வைத்தால் எரியும், சிலருக்குக் கொப்பளிக்கும். முதல் நாள் இரவே சவரம் செய்வது நல்லது. புதிய பசை எதுவானாலும் முழங்கையின் உட்புறத்தில் ஒரு பொட்டு வைத்து ஒரு நாள் பார்த்துவிட்டே முகத்துக்குப் போகவேண்டும். ஒவ்வாதவர்களுக்குப் புரோஸ் எயிட் போன்ற நீரில் கலந்த அக்ரிலிக் பசை மாற்று. வியர்வைக்கு ஸ்பிரிற் கம்மைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் வெள்ளையாக இருப்பது முழுக்கக் கண்ணாடி போலத் தெளியும்வரை பொறுக்கவேண்டும். நுண்ணிய நெற்றிலிருந்து அதைக் கழுவி எடுப்பதும் பெரிய வேலை. சொந்த நெற் தாடி வைத்திருப்பவருக்கு ஸ்பிரிற் கம், மரு, தழும்பு போன்ற துண்டு ஒட்ட அக்ரிலிக் என்று பிரித்துக்கொள்வது சரி.

மத்தியானச் சாப்பாடு தனிப் பிரச்சினை. சோறு, கறி பிசைந்து சாப்பிட்டால் கறியெண்ணெய் மேலுதட்டில் ஏறி மீசை நடுவிலிருந்து கழரும். கரண்டியால் சின்ன வாயாகச் சாப்பிடவேண்டும், குடிப்பது ஸ்ரோவால். கொதிக்கக் கொதிக்கக் கூழ் என்றால் ஆவியே போதும் தாடியைக் கிளப்ப. அதை மேக்கப் கலைத்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

கழற்றுவதில்தான் நெற் தாடியின் ஆயுள் இருக்கிறது. நீக்கியில் தூரிகையைத் தோய்த்து விளிம்பில் விட்டு, பசை இளகிப் பால்போல ஓடும்வரை காத்திருந்து, தானாக விடும்போது எடுக்கவேண்டும். இழுத்தால் கண்ணி நீளும், நீண்ட கண்ணி அடுத்த நாள் அலையலையாக நிற்கும். நீக்கி முடிந்தால் தேங்காயெண்ணெய் தோலுக்கு உதவும், மெதுவாகத்தான். தாடியின் நெற்றில் அது படவே கூடாது. பாமசியில் கிடைக்கும் எழுபது வீதச் சேர்ஜிக்கல் ஸ்பிரிற்றில் நீர் இருப்பதால் பிசின் வெள்ளைத் தூளாகப் படியும். நெற்றைக் கழுவ 99 வீத ஐசோபுறோபைல் அல்ககோல் வேண்டும்: தாடியை மயிர்ப்பக்கம் மேலே இருக்க ரிசு மேல் வைத்து, நெற் விளிம்பை அதில் தோய்த்த தூரிகையால் தட்டித் தட்டி, ரிசுவில் பசை இறங்குவது நிற்கும்வரை ரிசுவை மாற்றவேண்டும். நகப்பூச்சு நீக்கியும் மண்ணெண்ணெயும் முகத்துக்கு ஒருபோதும் இல்லை.

நரை, சுருக்கம், திருநீறு

தலைக்குப் பவுடர் கொட்டி நரை காட்டுவதை இனி விடவேண்டும். தோளில் கொட்டுகிறது, மகள் கட்டிப்பிடித்தால் அவள் கன்னத்தில் வருகிறது, கறுப்பு மயிரில் நீலம் பாய்கிறது. வெள்ளைக் கிறீமில், கிறையோலனில் இலக்கம் 070, ஒரு துளி மஞ்சளோ தோல்நிறமோ கலந்து, பழைய பல்துலக்கியால் கிருதாவில் மயிருக்கு எதிர்த்திசையில் தடவி, பிறகு சீவிவிட்டால் நரை வேரிலிருந்து வந்ததாகத் தெரியும்.

சுருக்கத்தைப் பென்சிலால் வரைந்தால் குளோசப்பில் பென்சில் கோடுதான் தெரியும். திரவ லேற்றெக்ஸ், அதாவது இறப்பர்ப் பால், இதற்கு மிக நல்ல பொருள். ஒருவர் கண்ணோரத் தோலை விரலால் இழுத்துப் பிடிக்க, மற்றவர் ஸ்பொஞ்சால் மெல்லிய படலமாக ஒற்றி, குளிர்காற்றில் உலர்த்தி, இன்னொரு படலம் வைத்து உலர்த்தி, பவுடர் போட்ட பிறகே கையை விடவேண்டும். பவுடர் போடமுன் விட்டால் மடிப்பு மடிப்போடு ஒட்டிக்கொண்டுவிடும். புருவத்திலும் கண்ணிமை மயிரிலும் படவிடாதீர்கள், மயிரோடுதான் வரும். அமோனியா மணம் கண்ணைக் கரிக்கும் என்பதால் காற்றோட்டமான இடம் வேண்டும். லேற்றெக்ஸ் கையுறைக்கே தடிப்பவர்கள் இதைத் தொடவே கூடாது.

திருநீற்றைப் பெட்டியில் உள்ள பொருளாகவே கணக்கில் எடுக்கவேண்டும். யாழ்ப்பாணத்துச் சைவப் பெரியவர் வேடத்தில் அதுதான் முதலில் கண்ணில் படுவது, தொடர்ச்சி பிழைப்பதும் அதில்தான். உலர் திருநீறு வசனத்துக்கு வசனம் உதிர்ந்து மூன்று குறி ஒன்றரையாகிவிடும். பூச்சுக்கு மேல் நன்றாகப் பவுடர் போட்டு, திருநீற்றை நீரில் குழைத்து மூன்று விரலால் இழுத்துக் காயவிட்டால் நிற்கும். குங்குமத்தை நேரே கிறீம் பூச்சில் வைத்தால் ஊறிப் பரவும். பவுடர் அடித்த சந்தனப் பொட்டின் மேல் வையுங்கள். வெற்றிலை போடுகிற பாத்திரத்துக்கு உண்மை வெற்றிலை வேண்டாம், ஒவ்வொரு ரேக்கிலும் சிவப்பு மாறும். பல்லை ரிசுவால் நன்றாக ஒற்றி உலர்த்திப் பல் வர்ணம் பூசுவது சரி. ஈரப்பல்லில் அது ஐந்து நிமிடம்கூட நில்லாது.

முகம் முடிந்ததும் நேராக, இடம், வலம் மூன்று படம் ஒரே வெளிச்சத்தில் எடுத்து, திகதி, காட்சி எண், மயிர்க் கலவை, நரை எந்த இடம்வரை என்பதெல்லாம் எழுதிவைக்கவேண்டும். காதுமடலிலிருந்து தாடி விளிம்பு எத்தனை சென்ரிமீற்றர் என்று அளந்து குறித்தால் மூன்று கிழமை கழித்தும் அதே இடத்தில் வரும். மேக்கப்காரர் மாறினாலும் இந்தக் கொப்பி மாறக்கூடாது. நடிகரே அதை வைத்திருப்பது நல்லது.

இத்தனை பொருளும் எல்லா வேடத்துக்கும் தேவை என்று எண்ணவேண்டாம். கரவெட்டியில் 1944இல் பிறந்து, மேடை, வானொலி, திரைப்படம், தொலைக்காட்சி எல்லாவற்றிலும் நடித்த கே. எஸ். பாலச்சந்திரன், ‘அண்ணை றைற்’ தனிநடிப்பில் ஒரு பஸ் கொண்டக்டரையும் பஸ் நிறைந்த சனத்தையும் குரலாலேயே கொண்டுவந்தவர். வயதைக் குரலில், இருக்கையிலிருந்து எழும் விதத்தில், மூச்சில் வைக்கத் தெரிந்தவருக்குக் கிருதாவில் நாலு நரை போதும். பூச்சு கூடக் கூட முகம் அசைவது குறையும் என்பதால், வேடத்துக்கு எது குறைந்தபட்சம் தேவையோ அதோடு நிறுத்துகிறவர்தான் நல்ல மேக்கப்காரர்.

வாங்கும் வழியும் சொல்லவேண்டும். ஸ்ரிக், பவுடர், மயிர், நெற் எல்லாவற்றையும் லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருந்து வருகிறவர்களிடம் சொல்லிவிடலாம், சென்னையிலிருந்து பலாலி விமான நிலையத்துக்கு வருபவர்களும் கொண்டுவரலாம். ஸ்பிரிற் கம்மையும் நீக்கியையும் அப்படிச் சொல்லிவிடாதீர்கள். தீப்பற்றும் திரவம் என்று விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். அவற்றைக் கொழும்பில் வாங்கித் தரைவழியாகக் கொண்டுவருவது பாதுகாப்பு. ஸ்ரிக் வாங்கும்போது அடிப்பகுதியைத் திருகிப் பாருங்கள்: வெக்கையில் ஒருமுறை உருகி இறுகியதென்றால் மேலே எண்ணெய் கசிந்து, உள்ளே மணல்மணலாக இருக்கும். மூடிய காரில் எதையும் வைக்கவேண்டாம், லேற்றெக்ஸ் முதலில் கெடும். கட்டி தட்டி அழுகல் மணம் வந்தால் எறிந்துவிடுங்கள். சோளகம் வீசுகிற மாதங்களில் நெற் தாடியைத் திறந்த மேசையில் வைத்தால் செம்மண் தூசி கண்ணிக்குள் ஏறும். மூடியுள்ள பெட்டியில், தாடையின் வளைவுக்கு ஏற்ப உருட்டிய கடதாசியில் சுற்றி வைக்கவேண்டும்.

பசைப் போத்தலை மூடுமுன் கழுத்தைத் துடைத்து, புரியில் கொஞ்சம் வஸ்லின் தடவுங்கள். இல்லையென்றால் அடுத்த சனிக்கிழமை விடியற்காலை மூடி திறக்காது.